முந்நூற்றுத் தொண்ணூறு கிராம்

பவர் சப்ளை வாங்குகிறவர்கள் முதலில் அதைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். கணினிக்குள் ஒரு மூலையில் கிடக்கும் இரும்புப் பெட்டி அது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி மற்ற பாகங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. உள்ளே செம்பும் இரும்பும் போதுமான அளவு இருந்தால் கனக்கும், இல்லாவிட்டால் கனக்காது. வெளியே அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி, முதலில் கை சொல்வதைக் கேட்க வேண்டும்.

தட்டச்சு செய்கிற அம்மா தேதியைப் போட்டுவிட்டாரா? இன்று வியாழக்கிழமை. நான் எதையும் தேதி போட்டுத்தான் ஆரம்பிப்பேன். தொழில் பழக்கம்.

என் பெயர் நெலிதா துர்போ. வயது இருபத்தெட்டு. எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தையே முழுசாக முடித்த முதல் ஆள் நான். கணினிப் பாகங்களை வாங்கி, சோதித்து, பிரித்துப் பார்த்து, நல்லதா கெட்டதா என்று வீடியோவில் சொல்வது என் வேலை. நான்கு லட்சம் பேர் பார்க்கிறார்கள். சொராய்தா பல்லார்த்தா என்ற பெண் பதின்மூன்று மாதமாகப் பெண்கள் சிறையில் இருக்கிறார். அவரைப் பற்றித்தான் உங்கள் அரசு வக்கீல் அலுவலகத்தில் சொல்ல வந்தேன், டாக்டரம்மா. வக்கீலுக்குப் படித்தவர்களை டாக்டர் என்று கூப்பிடுகிற ஊர் இது. எனக்கு அதில் குறையில்லை. பட்டத்தைச் சொல்லிக் கூப்பிடும்போது உடம்பில் என்ன ஓடுகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

கணினிப் பாகங்கள் விற்கும் வில்சன் தெருக் கடைகளுக்கு முதன்முதலில் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. இரண்டாவது மாடியில் ஒரு கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்றேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்ன தங்கச்சி, ஹெட்போனா? ரோஸ் கலர்ல வந்திருக்கு, பூனைக்காது வெச்சது."

"பவர் சப்ளை வேணும். அறுநூறு வாட்."

"அண்ணன் கூட வரலியா?"

பக்கத்துக் கடையிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். "மலையிலேர்ந்து எறங்குன உடனே அறுநூறு வாட் கேக்குதுடா. அங்க ஊர் முழுக்கச் சேத்தே அறுநூறு வாட் வராதே." எல்லோரும் சிரித்தார்கள். என் முகத்தையும் பின்னலையும் பார்த்தால் எந்தப் பக்கத்து ஆள் என்று லிமாவில் யாரும் கேட்கத் தேவையில்லை.

வாங்கிக்கொண்டு வந்தேன். நன்றாகக் கனத்தது. ஆனால் கனம் ஒரே பக்கமாக இருந்தது. என் அப்பா சாந்தா அனித்தா சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்குகிறவர். தோளில் விழுந்த கணமே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். அந்தக் கை எனக்கும் வந்திருக்கிறது. ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே சிமெண்ட். செங்கல்லில் பாதியளவுக்குச் சிமெண்டை வார்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, ஒட்டி வைத்திருந்தார்கள். வாங்க வருகிறவர்கள் தூக்கிப் பார்ப்பார்கள் என்று அவர்களுக்கும் தெரியும்.

அதைத்தான் என் முதல் வீடியோவாகப் போட்டேன். சிமெண்டைச் சுத்தியலால் உடைத்துக் காட்டினேன். எனக்கு முன்னால் யாரும் அதைக் காட்டவில்லை. எங்கள் தொழிலில் முதலில் சொல்கிறவருக்குத்தான் பெயர். இரண்டாவதாகச் சொல்கிறவர் எவ்வளவு சரியாகச் சொன்னாலும் பின்பாட்டுதான்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். கம்பெனிக்காரர்கள் கொடுக்கிற மாதிரிப் பெட்டியைத் தொட மாட்டேன். கடைக்குப் போய் என் காசில் வாங்குவேன். அதுவும் மேலே இருப்பதை அல்ல, அடுக்கில் கீழேயிருந்து மூன்றாவது பெட்டியை உருவச் சொல்வேன். முனகிக்கொண்டே அடுக்கைக் கலைத்துக் கொடுப்பார்கள். தேறிய பொருளுக்கு மஞ்சள் நிறத்தில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர். நடுவில் என் கையெழுத்து. இரண்டு வருஷத்தில் அந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டியை வில்சனில் பேரம் பேசாமல் விற்க முடியாது என்று ஆயிற்று. தவறாகச் சொல்லிவிட்டு வீடியோவை நீக்கி மன்னிப்புக் கேட்ட ஆண்கள் சிலர் உண்டு. அவர்களை நான் விட்டதில்லை. "தெரியாதவன்தான் திருத்திக்குவான், தெரிஞ்சவன் சொல்றப்பவே சரியாச் சொல்லுவான்" என்று ஒரு வீடியோவில் சொன்னேன். அது எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கும்.

போன வருஷம் ஏப்ரலில் அவுரேலியோ தஃபூர் என்ற இறக்குமதிக்காரர் என்னைத் தேடி வந்தார். அறுபது வயது, வெளுத்த சட்டை, மெதுவான பேச்சு. என்னைக் கேலி செய்த அதே கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை.

"இஞ்சினியரம்மா, ஒரு நிமிஷம் குடுப்பீங்களா?"

அந்தக் கட்டடத்தில் யாரும் என்னை அதற்கு முன்னால் அப்படிக் கூப்பிட்டதில்லை. வீடியோவில் பெயருக்குக் கீழே நானே போட்டுக்கொள்வேன். நாமே போட்டுக்கொள்வது வேறு.

ரயோமார் 600 என்று ஒரு புதிய பவர் சப்ளை, பாதி விலைக்குக் கொண்டுவருகிறாராம்.

"அவுரேலியோ ஐயா, நான் சாம்பிள் வாங்குறதில்ல."

"தெரியும்மா, அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். ஆனா கப்பல் இன்னும் நடுக்கடல்ல இருக்கு. எங்கேர்ந்து மூணாவது பெட்டிய உருவுவீங்க? கையில இருக்கிறது இது ஒண்ணுதான். நீங்க வேணாம்னா சரி, மிராஃப்ளோரெஸ்ல வீடியோ போடற அந்தத் தம்பி கேட்டுக்கிட்டே இருக்காரு. எனக்கு என்னமோ, முதல்ல சொல்றது ஒரு இஞ்சினியரா இருந்தா நல்லாருக்கும்னு தோணிச்சு."

வாங்கிக்கொண்டேன். இந்த விதியை ஒரே ஒருமுறைதான் மீறினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டி அருமையான பெட்டி. ஒரு கிலோ எண்ணூற்று நாற்பது கிராம். ஆறு மணி நேரம் முழுச் சுமை ஏற்றினேன், அசையவில்லை. சுமையை மிஞ்ச விட்டேன், சட்டென்று தன்னைத் தானே துண்டித்துக்கொண்டது. அப்படித் துண்டித்துக்கொள்வதற்கென்று உள்ளே ஒரு சின்னச் சில்லு இருக்கும், கட்டைவிரல் நகத்தில் பாதிதான் இருக்கும். அது இருந்தது. ஒன்பதரை மதிப்பெண் கொடுத்தேன். அந்த வீடியோவில் நான் சொன்ன ஒவ்வொரு எண்ணும் உண்மை. இன்றைக்கும் சோதித்துப் பார்க்கலாம்.

கப்பல் வந்தது. நான்காயிரம் அட்டைப்பெட்டிகள். இந்தத் தடவை ஸ்டிக்கர் இல்லை, அட்டையிலேயே அச்சடித்திருந்தார்கள்: இஞ்சினியர் நெலிதா துர்போவின் சோதனையில் தேறியது. அப்பா ஓர் அட்டையைப் பிரித்துத் தட்டையாக்கிச் சுவரில் ஆணி அடித்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். சந்தை ஆட்களைக் கூட்டி வந்து காட்டினார். "நாங்க தூக்குன மூட்டை எதுலயும் எங்க பேரு இருந்ததில்லடா" என்றார்.

இனி சொராய்தா. வியா மரியாவில் மேட்டுத் தெருவில் ஒரு இன்டர்நெட் கடை அவருடையது. பன்னிரண்டு கணினி. பையன்கள் விளையாட வருவார்கள், பெண்கள் விண்ணப்பம் அச்செடுக்க வருவார்கள். கல்லாவில் அவர் தங்கை மெல்ச்சோரா. பன்னிரண்டுக்கும் ரயோமார் வாங்கிப் போட்டார், நான் சொன்னதைக் கேட்டு. ஜூலை எட்டாம் தேதி, மத்தியானம், தூறலில், இரண்டு பஸ் மாறி என் அறைக்கு வந்தார். முதுகில் போர்வைக்குள் ஒன்றைக் குழந்தை மாதிரிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கூடவே வறுத்த மக்காச்சோளம் ஒரு பொட்டலம்.

"தொந்தரவு பண்றதா நெனைக்காதீங்க இஞ்சினியரம்மா. மீன் நாத்தம் மாதிரி ஒண்ணு வருது. எங்க மெல்ச்சோராதான் மொதல்ல சொன்னா. நான் அவள திட்டினேன், 'நீ பெரிய கெட்டிக்காரியா, அந்தப் புள்ள படிச்சது எதுக்கு'ன்னு. ஆனாலும் அவ விடல. 'ஒண்ணக் கழட்டி எடுத்துட்டுப் போய் அவங்க கையில குடுத்துட்டு வா'ன்னுட்டா."

அவர் போர்வையை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

தராசு மேசை மேல்தான் இருந்தது. எனக்கு அது தேவைப்படவில்லை. கையில் வாங்கிய அந்தக் கணமே தெரிந்தது. பிறகு எடை போட்டுப் பார்த்தேன், என் கணக்கில் பத்து கிராம்தான் பிசகியிருந்தது. ஒரு கிலோ நானூற்று ஐம்பது. முந்நூற்றுத் தொண்ணூறு கிராம் குறைவு. தஃபூரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அவர் சிமெண்ட் வைக்கவில்லை. என் வீடியோவுக்குப் பிறகு யாரும் வைப்பதில்லை.

அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் திறந்தேன். செம்புச் சுருள் பாதி. வெப்பம் கடத்தும் தகடு மெலிசு. அந்தச் சின்னச் சில்லு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பச்சைப் பலகை. நான்கு ஓட்டைகள் இருந்தன, அவ்வளவுதான். உள்ளே பிளாஸ்டிக் சூடேறிக் கருகத் தொடங்கினால் மீன் நாற்றம்தான் வரும். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கல்யாண வீட்டுக்கு முன்கூட்டியே வந்துவிட்டவரைப் போல என் அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மக்காச்சோளம் தின்றுகொண்டே பார்த்தேன். விரலில் உப்பு ஒட்டியிருந்தது. அந்த உப்பு அந்தப் பலகையின் ஓரத்தில் இன்னும் இருக்கிறது.

"எப்படி இருக்கு இஞ்சினியரம்மா?"

எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. அவசரத்தில் வாய் தவறியது என்று நான் சொல்லப்போவதில்லை. சுவரில் ஆணி அடித்த அட்டை கண்ணுக்கு முன்னால் வந்தது. வில்சனின் இரண்டாவது மாடி வந்தது. "அண்ணனையே கூட்டிட்டு வந்திருக்கலாம் தங்கச்சி" என்று ஒரு குரல். யாரும் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் சொல்வார்கள். மூடினேன். நான்கு ஸ்க்ரூவையும் முறுக்கினேன்.

"நல்லாத்தான்க்கா இருக்கு. புதுசு, வார்னிஷ் வாடை. ஒரு மாசத்துல போயிடும்."

"அதானே. நான் அவகிட்ட சொல்றேன்." அவர் முகம் எவ்வளவு லேசாகிப் போயிற்று என்று எனக்கு நினைவிருக்கிறது. "ஒரு உபகாரம் பண்ணுங்க. அந்த மஞ்ச ஸ்டிக்கர் ஒண்ணு இதுல ஒட்டிக் குடுங்களேன். உங்க கையால."

ஒட்டிக் கொடுத்தேன். வாசல் வரை போய் வழியனுப்பினேன். பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்றுகூடக் கேட்டேன்.

அன்றைக்கே தஃபூரிடம் பேசினேன். அடுத்த கப்பலில் சரி செய்கிறேன் என்றார். "உங்களுக்கும் எனக்கும் இதுல ஒரே பேருதாம்மா ஒட்டிட்டிருக்கு" என்றார், அதே மெதுவான குரலில். அடுத்த கப்பல் வந்ததும் புதிய பெட்டியைச் சோதித்து, பழையதை மாற்றிக்கொள்ளுங்கள் என்று பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். நான் பொறுத்துத்தான் இருந்தேன். பத்தொன்பது நாள் பொறுத்திருந்தேன்.

ஜூலை இருபத்தேழு, சுதந்திர தின விடுமுறை, மாலை நாலு மணி. கடை நிறைந்திருந்தது. ஏழாவது கணினியில் பிடித்தது. எல்லோரையும் வெளியே தள்ளியது மெல்ச்சோரா. பதினாறு பேர். அதன் பிறகு மெயின் சுவிட்சை இறக்க உள்ளே போனார். அவர் வரவில்லை. மீன் நாற்றம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். முதலில் சொன்னவருக்குத்தான் பெயர் என்று கொஞ்சம் முன்னால் சொன்னேன்.

பன்னிரண்டு கணினிக்கு இரண்டே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டிருந்தார் சொராய்தா. அந்த மேட்டுத் தெருவில் எல்லாக் கடையிலும் அப்படித்தான். நான் ஒரு வீடியோ போட்டேன். பவர் சப்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஆறு கணினி சொருகினால் என்ன ஆகும் என்று காட்டினேன். அதுவும் உண்மைதான். பத்து லட்சம் பேர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் வேறு காரணம் தேடவில்லை. அவர் அலட்சியத்தால் தங்கையைக் கொன்றவர் ஆனார்.

கடையிலிருந்த பதினொன்றும் உருகிப் போயிருந்தன. பன்னிரண்டாவது மட்டும் மிஞ்சியது. நான் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்ததை அவர் திரும்பக் கணினியில் மாட்டவேயில்லை. வீட்டுக் கண்ணாடி அலமாரியில், மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அது சாட்சியப் பொருளானது. சோதிக்க ஆள் தேடியபோது தெரிந்த பெயர் ஒன்றுதானே. என்னிடம் வந்தது. மூன்று நாள் என் அறையில் இருந்தது.

என் அறிக்கையில் உள்ள எண்களை எடுத்துப் பாருங்கள், டாக்டரம்மா. ஒரு கிலோ எண்ணூற்று நாற்பது கிராம். ஆறு மணி நேரம் முழுச் சுமை. சுமை மிஞ்சியதும் துண்டிப்பு. ஒன்றுகூடப் பொய் இல்லை. எல்லாவற்றையும் அளந்துதான் எழுதினேன். தஃபூர் கொடுத்த மாதிரிப் பெட்டியில் அளந்தேன். தலை காயவைக்கும் சாதனத்தால் சூடு காட்டினால் ஸ்டிக்கர் கிழியாமல் வரும். வரிசை எண் ஒட்டிய தாளும் அப்படியே வரும். இரண்டையும் அந்தப் பெட்டிக்கு மாற்றி ஒட்டி, உங்களுக்கு அனுப்பினேன்.

உங்கள் சாட்சிய அறையில் இருப்பது என்னுடையது. அவருடையது இதோ, இந்தப் போர்வையில். போர்வையும் அவருடையதுதான். அன்றைக்கு ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியைக் கையிலேயே ஏந்திக்கொண்டு, போர்வையை மறந்து வைத்துவிட்டுப் போனார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தூக்கிப் பாருங்கள். படிக்காதவர்களுக்கும் தெரியும்.

மார்ச் மாதம் சிறையிலிருந்து அவர் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். கட்டம் போட்ட தாள், பென்சில். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் படிக்கிறேன். "இஞ்சினியரம்மா, நீங்க நல்லாருக்கீங்களா. எங்க பொருளைப் பாத்துக் குடுத்தீங்க, பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கான்னு கேட்டீங்க, நான் மறக்கல. வயரை நான்தான் ஒழுங்கா போடல. என்னால உங்க பேருக்கும் கெட்ட பேரு வந்திருக்கும். மன்னிச்சுக்கோங்க. மெல்ச்சோரா இருந்தா அவளும் இதையே சொல்லுவா."

இதைப் படித்த நாளிலிருந்து என்னால் என் கையைப் பார்க்க முடியவில்லை. எதைத் தூக்கினாலும் எடை தெரிகிறது. ரொட்டி, வாளி, கதவுச் சாவி. வேண்டாம் என்றாலும் தெரிகிறது. அப்பா அந்த அட்டையை இன்னும் சுவரிலிருந்து எடுக்கவில்லை, எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். வெட்கம் என்ற சொல்லை நான் நிறையப் பேர் மேல் எறிந்திருக்கிறேன். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் மேல், சிமெண்ட் வைத்தவர்கள் மேல். அது என்ன கனம் என்று மார்ச்சில்தான் தெரிந்தது.

அந்தக் கடிதத்தால்தான் இன்றைக்கு வந்தேன். வேறு காரணம் இல்லை. நடுவில் ஆறு மாதம் போய்விட்டது, வேலைகள் இருந்தன.

இன்னொன்று. நீங்களே கேள்விப்படுவீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். அரெக்கிப்பா நகரத்தில் ஓஸ்மார் என்று ஒரு பையன், சின்னச் சேனல், எட்டாயிரம் பேர்கூட இல்லை. பழைய சாமான் சந்தையில் ஒரு ரயோமார் வாங்கித் திறந்து பார்த்திருக்கிறான். சில்லு இல்லாததைக் கண்டுபிடித்துவிட்டான். வெளியிடுவதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவரிடம் கேட்பது எங்கள் வழக்கம். இந்தத் திங்கட்கிழமை எனக்கு மரியாதையாக எழுதியிருந்தான்: "அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை வீடியோ போடறேன், நீங்க ஏதாவது சொல்லணுமா?" அதற்கும் நான் இங்கே வந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா? சரி. மேலே வியாழக்கிழமை என்று இருக்கிறது, தேதியும் இருக்கிறது. மணியையும் போட்டுவிடுங்கள் அம்மா. பதினொன்று இருபது. பிறகு யாரும் நான் அவனுக்கு அடுத்துச் சொன்னேன் என்று சொல்லிவிடக் கூடாது.